மரங்களின் பகற்பொழுது: கையச்சு ஓவிய நூலில் கையும் பெயரும்

முன்னுரை

தமிழ்த் திறனாய்வு மரபில் நூல் என்றவுடன் சொற்களால் ஆன பனுவலே கருத்தில் கொள்ளப்படுகிறது. தாள், மை, அச்சு, கட்டு ஆகியன நூலகவியலாருக்கும் அச்சகத்தாருக்கும் உரியவை என ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால், நூலுக்கு இலக்கணம் கூறும் நன்னூல் பாயிரம் இவ்வாறு ஒதுக்கவில்லை. அது சொல்லைப் பஞ்சாகவும், புலவரை நூற்கும் பெண்ணாகவும், அவர்தம் வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் கொண்டு, நூற்கும் தொழிலால் நூலாக்கத்தை விளக்குகிறது. கைத்தொழிலும் கல்வியும் ஒன்றையொன்று விளக்கவல்லன என்னும் துணிவு அவ்விளக்கத்தில் அடங்கியுள்ளது.

அத்துணிவை இன்றைய நூல் ஒன்றின்மீது பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சென்னையிலுள்ள தாரா புக்ஸ் பதிப்பகம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’, அதாவது ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ என்னும் ஓவிய நூல் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேத்தி ஆகிய மூவர் இதற்குப் படம் வரைந்துள்ளனர். கையால் செய்த கறுப்புத் தாளில், ஒவ்வொரு நிறமும் கையால் திரையச்சு செய்யப்பட்டு, கையால் தைத்துக் கட்டப்பட்டு, படிதோறும் எண்ணிடப்பட்டு இந்நூல் விற்பனைக்கு வருகிறது. 2008ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோன்யா சிறுவர் நூற்கண்காட்சியில் விருதும் பெற்றது.

இக்கட்டுரையாளர் 2000களின் இறுதியில் முனைவர்ப் பட்ட ஆய்வின் பொருட்டு இலண்டனில் தங்கியிருந்தபோது, ஓர் அருங்காட்சியகக் கடையில் இந்நூலை முதன்முதலாகக் காண நேர்ந்தது. “இது முழுவதும் கையால் செய்யப்பட்டது” என்று கடைப்பெண் பெருமிதத்துடன் கூறினார். “யாருடைய கையால்?” என வினவியபோது, “இதை வரைந்த ஓவியர்களின் கையால்” என்பது விடையாக வந்தது. அவ்விடை பிழையானது. ஓவியர்கள் போபாலில் வாழ்பவர்கள். நூலை அச்சிட்டவர்களோ சென்னையின் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பட்டறைத் தொழிலாளர்கள். ஆயினும் அப்பிழை அக்கடைப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. கையால் செய்யப்பட்ட பொருளை மதிப்பிடும்போது பெயர் பெற்ற ஒருவரின் கையையே நாமும் தேடுகிறோம். இப்பழக்கம் இந்நூலின் அழகியலையே தவறாக வாசிக்கச் செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

பாணர் மரபிலிருந்து தாளுக்கு

கோண்டு ஓவியம் என இன்று உலகம் அறிந்திருக்கும் கலை, மிகப் பழைய வேர்களையும் மிக அண்மைய வடிவத்தையும் உடையது. இவ்வோவியர்களுள் பெரும்பாலோர் கோண்டுப் பழங்குடியினருள் பர்தான் என்னும் பிரிவைச் சேர்ந்தவர்கள். பர்தான்கள் ‘பானா’ என்னும் நரம்புக் கருவியை இசைத்து, புரவலர் இல்லங்களில் குலவரலாறு பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். சங்க இலக்கியம் பயில்வோர்க்கு இங்கே பாணரும் யாழும் நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று இக்கட்டுரை கூறவில்லை. புரவலரை நம்பி வாழ்ந்த கலைஞர் அவர் மறைந்தபின் என்ன ஆவார் என்னும் வினா இருவர்க்கும் பொதுவானது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

புரவலர் வழக்கம் நலிந்தபின் பர்தான் குடும்பத்தினர் பலர் கூலி வேலைக்குச் சென்றனர். 1980களின் தொடக்கத்தில், போபாலில் உருவான பாரத் பவன் கலைமையத்தை வழிநடத்திய ஓவியர் ஜெ. சுவாமிநாதன், பட்டன்கட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த இளைஞரான ஜன்கட் சிங் ஷியாமின் சுவரோவியத் திறனை அறிந்து அவரைப் போபாலுக்கு வரவழைத்தார். ஜன்கட் பாரத் பவனின் அச்சோவியப் பிரிவிலேயே பணியமர்த்தப்பட்டார். மண்சுவரிலிருந்து தாளுக்கும் துணிக்கும் கோண்டு ஓவியம் இடம்பெயர்ந்த அக்காலந்தொட்டே அதனருகில் அச்சுப்பட்டறை இருந்தது என்பதை இதனால் அறியலாம். ஆகவே, தூய பழங்குடிக் கலை பின்னாளில் அச்சுத் தொழிலால் தீண்டப்பட்டது என்னும் எளிய கதை இங்குப் பொருந்தாது.

ஜன்கட் 2001ஆம் ஆண்டு சப்பானில் காலமானார். அவருடைய உறவினரான பஜ்ஜு ஷியாம் 1971இல் அதே பட்டன்கட்டில் பிறந்தவர். போபாலுக்கு வந்த தொடக்கத்தில் இரவுக் காவலராகவும் மின்பணியாளராகவும் வேலை பார்த்து, பின்னர் ஜன்கட்டிடம் தொழில் பழகினார். 2004இல் வெளிவந்த ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ நூலில், இலண்டன் மணிக்கூண்டைச் சேவலாகவும் சுரங்க இரயிலை மண்புழுவாகவும் அவர் வரைந்தார். பஜ்ஜு ஷியாமுக்கு 2018இலும் துர்கா பாய்க்கு 2022இலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஓவியர்களின் பெயர் நிலைபெற்றுவிட்டதை இவை காட்டுகின்றன. இந்நிலைபேறு மகிழ்ச்சிக்குரியது. ஒரு தலைமுறைக்கு முன்பு இத்தகைய ஓவியங்கள் வரைந்தவர் பெயரின்றிப் பழங்குடிக் கலை என்ற பொதுப்பெயராலேயே விற்கப்பட்டன.

இம்மாற்றத்தில் தாரா புக்ஸுக்கும் ஒரு பங்கு உண்டு. கீதா உல்ஃப் 1994இல் நிறுவிய இப்பதிப்பகத்தில், தமிழுலகம் நன்கறிந்த ஆய்வாளர் வ. கீதாவும் நெடுங்காலம் பணியாற்றி வருகிறார். 1990களின் நடுப்பகுதியில் வெளிவந்த இவர்களின் முதல் திரையச்சு நூலான ‘தி வெரி ஹங்ரி லயன்’, வார்லி ஓவியப் பாணியில் அமைந்தது; ஆனால் அதை வரைந்த இந்திரபிரமித் ராய் வார்லி இனத்தவர் அல்லர். பழங்குடியினரின் பாணியை மட்டும் எடுத்தாளும் நிலையிலிருந்து, பழங்குடி ஓவியரையே நூலாசிரியராக அட்டையில் நிறுத்தும் நிலைக்குப் பதிப்பகம் பின்னர் நகர்ந்தது. இது அறம் சார்ந்த முன்னேற்றம். அம்முன்னேற்றம் பட்டறை வாயில்வரை வந்து நின்றுவிட்டதா என்பதே நம் அடுத்த வினா.

கோடும் வலையும்

இரவு வாழ்க்கை நூலின் கருப்பொருள் எளிமையானது. கோண்டு மக்களின் நம்பிக்கைப்படி, பகலில் மரங்கள் ஓயாது உழைக்கின்றன. நிழலும் உணவும் உறைவிடமும் தருவதே அவற்றின் பகற்பொழுது. இருள் கவிந்து அனைவரும் சென்றபின்னரே அவை ஓய்வு பெறுகின்றன. அப்பொழுதுதான் அவற்றின் உயிராற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. ஒரு பக்கத்தில் மரத்தின் ஓவியமும் எதிர்ப்பக்கத்தில் ஓவியர் கூறிய சிறுகதையும் அமைகின்றன. பூமியைத் தாங்கும் பாம்பும் பூமியைச் சுற்றிப் பிணைக்கும் வேரும் ஒன்றே எனக் கூறும் பக்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அங்கு வேரும் பாம்பும் ஒப்பிடப்படவில்லை. ஒரே கோட்டால் இரண்டும் ஆகின்றன.

கோண்டு ஓவியத்தின் உயிர்நாடி, உருவங்களை நிரப்பும் நுண்கோலம் ஆகும். புள்ளி, சிறுகோடு, பிறை, வலைப்பின்னல் எனத் தமக்கே உரிய ஒரு நிரப்புமுறையை ஒவ்வோர் ஓவியரும் வளர்த்துக்கொள்கின்றனர். அதுவே அவர்தம் கையொப்பம் என்றும் கூறப்படுகிறது. இக்கையொப்பம் எவ்வாறு வாசகரை வந்தடைகிறது என்பதை அறியத் திரையச்சின் செயல்முறையைச் சுருக்கமாகவேனும் காண வேண்டும்.

ஓவியத்தின் நிறங்கள் முதலில் தனித்தனியே பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒளிபுகும் தாளில் கருமையாக எடுக்கப்படுகிறது. மரச்சட்டத்திலோ உலோகச்சட்டத்திலோ இழுத்துக் கட்டிய நுண்வலையின்மீது ஒளியுணர் பூச்சு தடவி, அத்தாளை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சுவர். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் நீரில் கழுவப்பட்டுத் திறந்துகொள்ளும். பின்னர்ச் சட்டத்தைத் தாளின்மேல் இறக்கி, மையை ஊற்றி, இரப்பர்ப் பட்டையால் ஒரே சீராக இழுத்தால் திறந்த கண்கள் வழியே மை தாளில் இறங்கும். ஒரு நிறம் உலர்ந்த பிறகே அடுத்த நிறம். மூன்று நிறமுள்ள பக்கமெனில் அதே தாள் மூன்று முறை மேசைக்கு வரவேண்டும். ஆயிரம் படிகளுக்கு அவ்வொரு பக்கத்திற்கு மட்டும் மூவாயிரம் இழுப்புகள் தேவை.

இச்செயல்முறை நமக்குப் புதியதன்று. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாப் பதாகை, கழகத்தின் டி-சட்டை எனச் சில்க் ஸ்கிரீன் அச்சை மலேசியத் தமிழர் நன்கறிவர். நன்கறிந்தது என்பதாலேயே அதைக் கலையென்று கருத நமக்குத் தோன்றுவதில்லை. கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் பாத்தேக் துணி வகைகளிலும் இந்தப் படிநிலை உண்டு. கையால் வரைந்த பாத்தேக் துலிஸ் உயர்ந்தது. அச்சுக்கட்டையால் ஒற்றிய பாத்தேக் சாப் அடுத்தது. திரையச்சுத் துணி கடைசியானது. அமெரிக்காவிலும் 1930களின் இறுதியில், திரையச்சைக் கையாண்ட ஓவியர்கள் தம் படைப்பை விளம்பரத் தட்டிகளிலிருந்து வேறுபடுத்திக் காட்ட ‘செரிகிராஃப்’ என்னும் புதுப்பெயர் பூண்டனர். கருவியும் மையும் ஒன்றே. பெயர் மட்டும் வேறாயிற்று.

இரவு வாழ்க்கை நூலில் திரையச்சு வெறும் அணி அன்று என்பதற்கு அதன் கறுப்புத் தாளே சான்று. வழக்கமான ஆஃப்செட் அச்சின் மை ஒளி ஊடுருவக்கூடியது. வெள்ளைத் தாளின் வெண்மையே அதற்கு ஒளி தருகிறது. கறுப்புத் தாளில் அம்மை அமிழ்ந்துவிடும். திரையச்சு மையோ தடித்தும் ஒளி ஊடுருவாமலும் தாளின்மேல் படிவது. ஆகவே, ஏனைய நூல்களில் இருள் அச்சிடப்படுகிறது. இந்நூலில் ஒளி அச்சிடப்படுகிறது. இருள் இங்கு வரையப்படவேயில்லை. தாளே இருளாக இருக்கிறது. மரம் இரவில் ஒளிர்கிறது என்னும் நம்பிக்கையைச் சொல்லால் விளக்குவதைக் காட்டிலும் இப்பொருட்கூறு உறுதியாக உணர்த்துகிறது. விரலால் தடவினால் மேடிட்ட கோடு தட்டுப்படும். கண்ணுக்கு உரியதாயிருந்த ஓவியம் தொடுவுணர்வுக்கும் உரியதாகிறது.

இங்கே ஓவியரின் கோடு முடிந்து அச்சரின் வேலை தொடங்குகிறது. மை சற்றே நீர்த்தால் நுண்புள்ளிகள் பரவி ஒன்றாகிவிடும். சற்றே இறுகினால் வலைக்கண் அடைபட்டுப் புள்ளிகள் மறைந்துவிடும். பட்டையைச் சாய்க்கும் கோணமும் கையின் அழுத்தமும் மாறினால் ஒரே மரம் ஒரு தாளில் ஒளிரும், மற்றொன்றில் மங்கும். இரண்டாம் நிறத்தின் சட்டம் மயிரிழை விலகினாலும் பின்னல் குலையும். ஓவியரின் கையொப்பம் எனப் போற்றப்படும் நுண்கோலம், பெயரறியாத மற்றொருவரின் தோளிலும் மணிக்கட்டிலும் உள்ள பயிற்சியால்தான் பிழைத்து வருகிறது. கைவினை நூல் என்று நாம் விலைகொடுத்து வாங்கும்போது நம் கையை வந்தடையும் கைத்தடம் ஓவியருடையது அன்று; அது அச்சருடையது.

பெயரும் எண்ணும்

அட்டையில் மூன்று ஓவியர்களின் பெயர்கள் உள்ளன. படிதோறும் ஓர் எண் உள்ளது. எண் எதைக் குறிக்கிறது? அச்சோவிய மரபில் எண்ணும் கையொப்பமும் ஓவியர் தம் கையால் இடுபவை. இப்படி என் பார்வையில் உருவானது என்பதற்கான உறுதிமொழி அது. இந்நூலில் எண் மட்டுமே உண்டு. அது பட்டறையின் உழைப்பைக் கணக்கிடும் எண்; ஆயினும் வாங்குவோர் அதை ஓவியரின் அருகாமைக்குச் சான்றாகவே படிக்கின்றனர். இயந்திரப் படியாக்கம் கலைப்பொருளின் தனித்த ஒளிவட்டத்தை அழிக்கும் என வால்டர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். கையால் படியாக்கம் செய்யப்படும் இந்நூலிலோ அவ்வொளிவட்டம் அழியவில்லை. உரியவரை விட்டு வேறொருவர்மீது சென்று படிந்துள்ளது.

பதிப்பகம் இதனை மறைத்துவிட்டது எனக் கூறுவது நேர்மையாகாது. ஆறுமுகம் என்பவரின் பொறுப்பிலுள்ள ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பட்டறையைப் பற்றிப் பதிப்பகத்தாரே பல இடங்களில் பேசியும் எழுதியும் வந்துள்ளனர். குறை பதிப்பகத்தைவிடத் திறனாய்வாளரிடமே மிகுதி. இந்நூலுக்கு எழுதப்படும் மதிப்புரைகள் கோண்டுத் தொன்மத்தை விரிவாகப் பேசுகின்றன. கைவினை என்பதை ஓர் அடைமொழியாகக் கூறிக் கடந்துவிடுகின்றன. தொன்மத்திற்கு விளக்கம் வேண்டும், உழைப்பிற்குப் பாராட்டே போதும் என்னும் எண்ணம் அதன் பின்னணியில் உள்ளது. பாராட்டு வாசிப்பு ஆகாது.

பிழைத்தாள்

அச்சரின் கையைத் தனியே காண விரும்புவோர்க்கு இதே பதிப்பகம் விற்றுவந்துள்ள ‘ஃப்ளூக்புக்’ என்னும் குறிப்பேடுகள் உதவுகின்றன. திரையச்சில் நல்ல தாளை எடுப்பதற்கு முன்பு மையின் பதத்தையும் சட்டத்தின் பொருத்தத்தையும் சோதிக்கக் கழிவுத் தாளில் சில இழுப்புகள் இழுத்துப் பார்ப்பர். அதே தாள் மீண்டும் மீண்டும் பயன்படும்போது ஒரு நூலின் மரத்தின்மேல் மற்றொரு நூலின் மீனும், அதன்மேல் எழுத்து வரியும் ஏறிவிடுகின்றன. எறியப்பட வேண்டிய அத்தாள்களைக் கொண்டு செய்யப்பட்டவையே இக்குறிப்பேடுகள்.

இவற்றில் எந்த ஓவியரின் நோக்கமும் இல்லை. ஆயினும், கண்ணைக் கவரும் அடுக்குகள் இவற்றில் அமைந்துவிடுகின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. எண்ணிடப்பட்ட நூலில் ஒரு படியும் மறுபடியும் வேறுபடாதிருக்க அச்சர் பாடுபடுகிறார். அப்பாடு வெற்றிபெறும் அளவிற்கு அவர் மறைகிறார். பிழைத்தாளில் அவர் ஒளிந்துகொள்ள இடமில்லை. பதம் பார்க்கும் பொறுமையும், முதல் இழுப்பின் தடுமாற்றமும், கையிருப்பை வீணாக்காத சிக்கனமும் அங்கே அடுக்கடுக்காகப் பதிந்துள்ளன. பதிப்பகத்தின் படைப்புகளுள் பட்டறையைப் பற்றிய உண்மையை மிகுதியாகச் சொல்வது இம்மலிவான குறிப்பேடுதான் என இக்கட்டுரையாளர் கருதுகிறார். ஆனால், இதுவும் தற்செயலின் அழகு என்றே விளம்பப்படுகிறது. பயிற்சி பெற்ற கைகளின் அன்றாட வேலைமுறையைத் தற்செயல் என்பது பொருத்தமற்ற பெயராகும்.

வாங்குவோர் யார்?

கைவினைப் பொருளின் மற்றொரு சிக்கல் அதன் விலை. இங்கிலாந்தில் வில்லியம் மோரிசு உழைப்பாளரின் மாண்பைப் பேசிச் செய்த பொருள்களைச் செல்வர்களே வாங்க முடிந்தது. ஈழத்துத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலைஞர் வேறு கைவினைஞர் வேறு எனப் பிரிப்பதை வாழ்நாள் முழுவதும் மறுத்தவர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல், மோரிசின் கையச்சுப்பொறியிலேயே அச்சிடப்பட்டு 1908இல் 425 படிகளாக வெளிவந்தது. இலங்கையின் கைவினைஞர் பற்றிய நூல், அக்கைவினைஞர் எவரும் வாங்கவியலாத பொருளாகப் பிறந்தது.

சென்னையில் தமிழ்த் தொழிலாளர் அச்சிடும் இவ்வோவிய நூலும் அதே நிலையில்தான் உள்ளது. இதன் படிகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் பிரெஞ்சு முதலான அயல்மொழிகளிலும் வெளிவந்து வெளிநாட்டு அலமாரிகளைச் சென்றடைகிறது. அயல்நாட்டார் வாங்குவது குற்றமன்று. அவர்கள் தரும் விலையில்தான் பட்டறை இயங்குகிறது. முதல் நூலுக்கு ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் கனடாப் பதிப்பகம் ஒன்று 8,000 படிகள் கேட்டதனாலேயே கையச்சு ஒரு நிலையான தொழிலாக வளர முடிந்தது. பழைய புரவலர் பாடலைக் கேட்ட இடத்திலேயே பாணரையும் கண்டார். பரிசில் நேருக்கு நேர் வழங்கப்பட்டது. புதிய புரவலரான வாசகரோ ஓர் எண்ணை மட்டுமே காண்கிறார். கைவினைப் பொருள் மனித உறவை மீட்டுத் தருகிறது என்னும் விளம்பரம் எவ்வளவு மெய் என்பதை இவ்வேறுபாட்டைக் கொண்டே அளக்க வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட கருத்துகளை நோக்குமிடத்து, இந்நூல் தன்னையே எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதைத் தன் கருப்பொருளிலேயே கூறியிருப்பது புலனாகிறது. பகலெல்லாம் உழைக்கும் மரம் இரவில்தான் ஒளியாகத் தோன்றுகிறது. நாம் நூலைக் கையில் எடுக்கும்போது காண்பது அவ்விரவை. அதன் பகற்பொழுது பட்டறையில் கழிந்தது. இரவின் ஒளியை மட்டும் வியந்து பகலின் உழைப்பை மறப்பது கோண்டுக் கதைக்கும் உடன்பாடன்று. அக்கதையின் தொடக்கமே அவ்வுழைப்பை நினைவுகூர்வதுதான்.

இதனால் நாம் செய்யக்கூடியவை மூன்று உள. ஒன்று, கையச்சு நூலின் குறிப்புப் பக்கத்தில் பட்டறையின் பெயரோடு நில்லாமல், பட்டையை இழுத்தவர், தைத்தவர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற வேண்டும் எனக் கோருதல். திரைப்படம் ஒன்றின் இறுதியில் ஒளியமைப்பு உதவியாளரின் பெயரையும் காட்டும் இக்காலத்தில் இக்கோரிக்கை பெரிதன்று. இரண்டு, இத்தகைய நூல்களுக்கு மதிப்புரை எழுதுவோர், மொழிநடையை ஆராயும் அதே நுணுக்கத்துடன் தாளையும் மையையும் நிறப்பொருத்தத்தையும் ஆராய்தல். மூன்று, நம் இந்திய ஆய்வியல் மாணவர்க்குச் சுவடியியல் கற்பிக்கும்போது, ஏட்டில் எழுத்தாணி பிடித்த கையைப் பற்றிப் பேசுவதுபோல, இன்றைய பட்டறையின் கையைப் பற்றியும் பேசுதல்.

நன்னூல் காட்டும் நூற்கும் பெண் பெயரற்றவள். உவமையில் அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. நம் காலத்தில் நூல் செய்பவர்கள் உவமைகள் அல்லர். சென்னையில் காலை வேலைக்குச் சென்று மாலையில் மைக்கறை படிந்த கையுடன் வீடு திரும்புகிறவர்கள். அவர்களின் பெயரைக் கேட்டறிவதும் திறனாய்வின் கடமை என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.